முன்பல் அக்கா லென்ஸ் போட்ட பத்து நாள்

முடிவெட்டும் கடைப் பெண் மூன்று தடவை கேட்டாள்: "இன்னும் கொஞ்சம் எடுக்கட்டுமாக்கா?" மூன்று தடவையும் முன்பல் அக்கா பெருந்தன்மையோடு தலையாட்டினார். எதிரே சுவரில் இருந்த பெரிய கண்ணாடியில் அவருக்குத் தெரிந்தவை இரண்டு மூட்டங்கள். கீழே நீலம், மேலே கறுப்பு. நீலம் தன்மேல் போர்த்தியிருக்கும் துணி, கறுப்பு தன் தலை என்று ஊகித்துவைத்திருந்தார். மூக்குக்கண்ணாடி துணிக்கு அடியில் மடியில் கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டால் காதோரம் கத்தரி போகாது. கழற்றிவிட்டால் கத்தரி எங்கே போகிறதென்று தெரியாது. "எனக்கு ஒண்ணும் தெரியலம்மா" என்று சொல்லியிருக்கலாம். நாற்பத்து மூன்று வயதில் அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

துணியை உதறி எடுத்தபின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். எதிரே ஒரு பள்ளிக்கூடப் பையன் உட்கார்ந்திருந்தான். தடிக் கண்ணாடி போட்ட பையன்.

"பத்து வயசு குறைஞ்சு போச்சுக்கா" என்றாள் கடைப் பெண்.

"பத்து இல்லம்மா. முப்பத்தஞ்சு."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கழுத்தில் காற்றடித்தது. அந்தக் காற்றுதான் அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குத் தள்ளியது என்று பிறகு அவர் எல்லோரிடமும் சொல்வார்.

முன்பல் அக்கா என்பது அவருக்கு வேலையால் வந்த பெயர். பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் பொய்ப்பல் செய்யும் லேப் இருக்கிறது. கீழே டாக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். மேலே ஐந்து பேர் அதைப் பார்த்துப் பீங்கானில் பல் செய்து, சூளையில் சுட்டு, குட்டி டப்பாவில் போட்டுக் கீழே அனுப்புவார்கள். அந்த ஐந்து பேரில் முன்பல் செய்வது அக்கா ஒருவர்தான். ஜன்னலோரம் வடக்கு வெளிச்சம் விழும் மேசை அவருடையது. இருபத்தொரு வருஷமாக அந்த மேசையில் வேறு யாரும் டீ டம்ளர்கூட வைத்ததில்லை.

முன்பல் செய்வது லேசில்லை. வெள்ளையிலேயே பதினாறு வெள்ளை உண்டு. பதினாறு மாதிரிப் பற்களைக் கோத்த பட்டியைப் பக்கத்துப் பல்லோடு வைத்துப் பார்த்து, "இது மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல" என்று சொல்ல வேண்டும். வயதான பல்லில் முடி மாதிரி ஒரு கீற்று ஓடும். ஓரத்தில் ஆவி படிந்தாற்போல் ஒரு மங்கல் இருக்கும். அதையெல்லாம் நான்கு மயிர் மட்டும் உள்ள தூரிகையால் போட வேண்டும். போடாவிட்டால் பல் பளிச்சென்று இருக்கும், பார்ப்பவர்களுக்குப் பொய் என்று உடனே தெரிந்துவிடும்.

இந்த வேலைக்கு லேபில் மற்றவர்கள் தலையில் மாட்டும் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு அது வேண்டியிருக்கவில்லை. அவர் கண்ணுக்குப் பவர் மைனஸ் ஏழு. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பல்லை மூக்குக்கு அரைச் சாண் தூரத்தில் பிடித்தால், பல்லின் மேலே இருக்கிற தூசி, தூசியின் மேலே இருக்கிற தூசி, எல்லாம் தெரியும். அரைச் சாணுக்கு அப்பால் உலகம் கிடையாது. "எனக்கு மிஷின் எதுக்கு? மூக்கு இருக்கே" என்பார். சொல்லும்போது குரலில் கொஞ்சம் திமிர் இருக்கும்.

அடுத்த மேசையில் கடைவாய்ப் பற்கள் செய்கிறவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கடைவாய் என்றே பெயராகிவிட்டது. பத்து வருஷமாக அரைக்கிற பற்களாகவே செய்து அலுத்துப்போனவர். "நான் செய்யுற பல்லை யாருக்கா பார்க்கப் போறாங்க? கொட்டாவி விட்டாத்தான் உண்டு" என்று புலம்புவார். ஜன்னலோர மேசைமேல் அவருக்கு ஒரு கண் இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

மறுநாள் காலை அக்காவின் தலையைப் பார்த்துக் கடைவாய் எழுந்தே நின்றுவிட்டார்.

"என்னக்கா இது, தலைக்கு அச்சு எடுத்தாங்களா?"

"வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு தம்பி."

"இல்லக்கா, நல்லாத்தான் இருக்கு. வீட்டுல மாமா அடையாளம் கண்டுபிடிச்சாரா?"

மாமா கண்டுபிடித்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். காலையில் ஆறு மணிக்குப் போய் மூன்று மணிக்கு வீடு திரும்பிவிடுவார். அதனால் சமையல் அக்காவுக்கு, பாத்திரமும் துடைப்பமும் அவருக்கு என்று கல்யாணமான புதிதிலேயே பிரித்துக்கொண்டார்கள். முடியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். பிறகு, "இந்தக் கண்ணை என்னைக்காவது ஒரு நாள் சரி பண்ணித்தான் ஆகணும்" என்றார்.

"அதையேதான் நானும் ரெண்டு வருஷமா சொல்றேன்" என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள். "லேசர் பண்ணிக்கோம்மா. காலையில எந்திரிச்சதும் உன் கண்ணாடியைத் தேடுறதுதான் இந்த வீட்டுல முதல் வேலை. தேடுறதும் நாங்க, திட்டு வாங்குறதும் நாங்க."

அது உண்மை. தடிக் கண்ணாடி அக்காவின் மூக்கில் இரண்டு பக்கமும் தழும்பு போட்டிருந்தது. வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் முதல் காரியமாக அதைக் கழற்றி எங்காவது வைத்துவிடுவார். அடுப்படி, அலமாரி, குளியலறை எல்லாம் கைக்குத் தெரியும், கண் எதற்கு என்பது அவர் கட்சி. இருபது வருஷமாக அந்த வீட்டை அவர் கையாலும் காதாலும்தான் நடத்திவந்தார். கண்ணாடியை மாட்டுவது வெளியே கிளம்பும்போது மட்டும்.

மகள் அப்போதே செல்போனில் கண் ஆஸ்பத்திரிக்கு நேரம் வாங்கிவிட்டாள்.

கண் டாக்டரம்மா இளவயதுக்காரர், ஆனால் சுற்றி வளைக்காதவர். கருவிழியின் கனத்தை அளந்தார், சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்தார். எல்லாம் லேசருக்குத் தோதாக இருக்கிறது என்றார். அப்புறம் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"என்ன வேலைம்மா பார்க்குறீங்க?"

சொன்னார்.

"அப்ப ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. லேசர் பண்ணா தூரம் நல்லாத் தெரியும். ஆனா இப்ப கண்ணாடியைக் கழட்டிட்டுக் கிட்டக்க வச்சுப் பார்க்குறீங்களே, அது போயிடும். உங்க வயசுக்குக் கிட்டப் பார்வைக்குத் தனியா ஒரு கண்ணாடி வேண்டியிருக்கும். வருஷம் ஆக ஆக அது கூடும்."

"இப்ப ஒரு கண்ணாடி. அப்புறமும் ஒரு கண்ணாடி. நடுவுல ஒரு ஆபரேஷன்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அப்படியும் சொல்லலாம். பண்ணித்தான் ஆகணும்னு ஒண்ணும் இல்ல. இது நோய் கிடையாது. நீங்கதான் முடிவு பண்ணணும்." பத்து நாளைக்கு லென்ஸ் கொடுத்தார். "இதைப் போட்டுக்கிட்டு வேலை செஞ்சு பாருங்க. லேசருக்கு அப்புறம் எப்படி இருக்கும்னு ஏறக்குறையத் தெரிஞ்சுடும். தூங்கும்போது மட்டும் கழட்டிடணும்."

அக்கா லேபுக்குப் போய் முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னார். முதலாளி நல்ல மனுஷர், ஆனால் லேபில் பல்லைத் தவிர வேறு எதற்கும் இரக்கப்பட மாட்டார்.

"உங்க கண்ணு, உங்க இஷ்டம்மா. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். முன்பல் கெட்டுச்சுன்னா மேசையை மாத்திடுவேன். நீங்க கடைவாய்க்குப் போகணும், கடைவாய் ஜன்னலுக்கு வருவார்."

அடுத்த மேசையில் அரைத்துக்கொண்டிருந்த சக்கரம் சட்டென்று நின்றது. கடைவாய் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.  கடைவாய்ப்பல் செய்து காலம் தள்ளுவதா? அதற்கு இந்தப் பள்ளிக்கூடப் பையன் தலையோடே இருந்துவிடலாம்.

இருந்தும் லென்ஸைப் போட்டார். முதல் நாள் கண்ணுக்குள் அதை வைக்கவே இருபது நிமிஷம் ஆயிற்று. விரல் கிட்டே வந்ததும் இமை மூடிக்கொண்டது. வீடே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. ஒரு வழியாக இரண்டும் உட்கார்ந்ததும் அக்கா நிமிர்ந்து கூடத்தைப் பார்த்தார்.

பார்த்தவர் பார்த்தபடியே நின்றார்.

"என்னங்க."

"என்ன?" என்றார் கணவர், ஏதோ நல்ல வார்த்தை வரப்போகிறது என்று.

"சுவர் ஏன் ரெண்டு வெள்ளையா இருக்கு?"

கணவர் முகத்தில் ஈயாடவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் கூடத்துக்கு அவரே வெள்ளையடித்தார். பாதியில் பெயிண்ட் தீர்ந்துபோக, வேலையிடத்தில் லிஃப்ட் அறைக்கு அடித்து மிஞ்சியதைக் கொண்டுவந்து மேல்பாதியை முடித்தார். வெள்ளைக்கு வெள்ளைதானே என்று நினைத்துக்கொண்டார். பதினாறு வெள்ளையைப் பிரித்துச் சொல்கிற பெண்ணின் வீட்டுச் சுவர், நடுவில் கோடு போட்டதுபோல் இரண்டு வெள்ளையாக நாலு வருஷமாகப் பல்லிளித்துக்கொண்டிருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"கீழ இருக்கிறது ரெண்டாவது. மேல இருக்கிறது ஒன்பதாவது. மேல இருக்கிறது தினம் ஒரு கட்டு சிகரெட் குடிக்கிற ஆளோட பல்லு."

அதற்குப் பிறகு வீட்டில் ஒருவருக்கும் நல்ல நாள் இல்லை. இரண்டாம் நாள் பாத்திர அலமாரி. கழுவியதாகச் சொல்லப்பட்ட டம்ளர்களை அக்கா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒன்றும் பேசாமல் திரும்பவும் தொட்டியில் போட்டார். பேசாமல் போட்டதுதான் கணவரைச் சுட்டது. மூன்றாம் நாள் ஃபிரிட்ஜுக்கு அடியில் துடைப்பம் தள்ளிவைத்திருந்த சரித்திரம் முழுவதும் வெளியே வந்தது. நாலாம் நாள் காலை, மகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே அக்கா கேட்டார்:

"காது மேல என்னடி அது?"

மகள் கூந்தலை இழுத்து மூடினாள். மூடினால் ஆயிற்றா? "தோடும்மா."

"தோடு கீழதானே இருக்கும். மேல எப்ப குத்தின?"

"...ஆறு மாசமாச்சு."

"ஆறு மாசமா என் எதிர்ல உட்கார்ந்து சாப்பிடுறியேடி!"

"நீயும்தான் ஆறு மாசமா எதிர்ல உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிற" என்றாள் மகள். 

அன்று மாலை கணவர் எதிரே உட்கார்ந்து டீ குடிக்கும்போது, அவர் காதோரம் முழுக்க நரைத்திருப்பதை அக்கா பார்த்தார். வெளியே போகும்போது கண்ணாடி வழியாகப் பார்க்கிற முகம்தான். ஆனால் வெளியே அவர் எப்போதும் தொப்பி போட்டிருப்பார். எப்போதிலிருந்து என்று கேட்டார். "மூணு வருஷமாச்சு" என்றார் கணவர், அடுத்த குற்றச்சாட்டு இதுதானோ என்ற பயத்தோடு. "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

லேபில் நிலைமை வேறாக இருந்தது. லென்ஸ் போட்ட கண்ணுக்கு எதிர்ச் சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள் தெரிந்தது, தெருக்கோடி மரத்தில் இலை தெரிந்தது. கையிலிருந்த பல்தான் தெரியவில்லை. அரைச் சாணில் பிடித்தால் வெறும் மூட்டம். முழங்கை தூரத்துக்குத் தள்ளினால் பல் தெளிந்தது, ஆனால் கடுகு மாதிரி சிறுத்துவிட்டது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. இருபத்தொரு வருஷத்துக் கை, கண் இல்லாமலே செய்துவிடும் என்று ஒரு தைரியம்.

அப்போது வந்ததுதான் வீட்டுத் தரகர் ஒருவரின் முன்பல். வாடகைக்கும் விலைக்கும் வீடு காட்டுகிறவர். ஒரு வீட்டின் கதவைத் திறந்துவிடும்போது லைட்டைப் போடுவதற்கு முன்னாலேயே சிரிப்பைப் போட்டுவிடுவார். படியில் தடுக்கி விழுந்ததில் மேல்வரிசை முன்பல் ஒன்று போயிற்று. பக்கத்துப் பல்லில் முடி மாதிரி ஒரு பழுப்புக் கீற்று ஓடியது. அக்கா அதைப் புதுப் பல்லிலும் போட்டார். முழங்கை தூரத்தில் சரியாகத் தெரிகிற அளவுக்குப் போட்டார். சூளையில் சுட்டு எடுத்து, டப்பாவில் வைத்து, கீழே அனுப்பிவிட்டார். டாக்டரும் அவசரத்தில் பொருத்திவிட்டார்.

மூன்றாம் நாள் தரகர் நேராக மாடிக்கே ஏறி வந்தார். சிரிப்பு இல்லை.

"யாரும்மா இங்க முன்பல் பண்றது?"

"நான்தான். ஏன் சார்?"

"மூணு நாளா யார்கிட்டப் பேசினாலும் 'சார், பல்லுல ஏதோ மாட்டியிருக்கு'ங்கிறாங்க. நானும் குத்திக் குத்திப் பார்க்குறேன், நூல் போட்டு இழுத்துப் பார்க்குறேன், வர மாட்டேங்குது. நேத்து ஒரு வீடு காட்டிக்கிட்டிருக்கேன், அந்தம்மா வீட்டையே பார்க்கல, என் வாயையே பார்க்குது. கடைசியில கைப்பையிலருந்து பல்குச்சியை எடுத்து நீட்டுது!"

கடைவாய் எழுந்து வந்தார். தலையில் பூதக்கண்ணாடி. தரகரின் வாய்க்குள் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். உதடு துடித்தது.

"மாட்டலை சார். வரைஞ்சிருக்கு."

அக்கா லென்ஸ் போட்ட கண்ணோடு முழங்கை தூரத்தில் நின்று பார்த்தார். பக்கத்துப் பல்லோடு சேர்த்துப் பார்த்தபோது அங்கிருந்தே அசிங்கமாகத் தெரிந்தது. கீற்று இல்லை அது, கயிறு.

முதலாளி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.  ஜன்னலோர மேசையை ஒரு தரம் பார்த்தார், கடைவாயை ஒரு தரம் பார்த்தார். அதுவே போதுமாயிருந்தது.

வீட்டுக்குச் செய்தி அக்காவுக்கு முன்னால் போய்விட்டது. கடைவாய் கணவருக்குப் போன் செய்து, அக்கறையோடு, விவரமாகச் சொல்லியிருந்தார். உள்ளே நுழையும்போதே கணவர் எதிர்கொண்டார்.

"லேசர் எல்லாம் வேணாம். நல்லா யோசிச்சுட்டேன். உன் வேலைதான் முக்கியம்."

"ஆமாம்மா" என்றாள் மகள், காது மறைய முடியை வாரிக்கொண்டு. "தொழிலுக்குன்னே கடவுள் குடுத்த கண்ணும்மா அது. அதைப் போய் யாராவது..."

"கண்ணாடி போட்டாத்தான் உனக்கு ஒரு களை" என்றார் கணவர்.

"முகத்துக்கே ஒரு கம்பீரம்" என்றாள் மகள்.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு வாரத்துக்கு முன்னால் தேடித் தேடி அலுத்துப்போன அதே கண்ணாடி. சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அவர்கள் சொன்னதில் ஒரு பாதி நியாயம் இருந்தது, அதுதான் தொந்தரவு. முன்பல் போனால் அவருக்கு என்ன மிச்சம்? கண்ணா, மேசையா என்று கேட்டால் மேசை என்றுதான் வாயில் வரும்.

ராத்திரி லென்ஸைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் படுத்தார். கூரை மூட்டமாயிற்று. ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்காத ஒரு கேள்வி அப்போது அவருக்கே தோன்றியது. கயிறு வரைந்தது கண்ணா, இல்லை வீம்பா? லேபில் நாலு பேர் பூதக்கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். இத்தனை நாளில் ஒரு தரமாவது அதை எடுத்து மாட்டிப் பார்த்திருப்பாரா?

மறுநாள் காலை முதலாளி எதிரிலேயே கடைவாயிடம் போய் நின்றார்.

"தம்பி, அந்தப் பூதக்கண்ணாடியைக் குடு."

"அய்யோ அக்கா, இது என் தலைக்கு அளவெடுத்தது."

"உன் தலைக்கும் என் தலைக்கும் என்ன வித்தியாசம்? இப்ப முடிகூட ஒரே அளவுதான்."

லேபே சிரித்தது. முதலாளியும் சிரித்துவிட்டதால் கடைவாயால் தப்பிக்க முடியவில்லை. கழற்றிக் கொடுத்தார், தன் மேசையையே கழற்றிக் கொடுப்பதுபோல.

அக்கா தரகருக்கு இரண்டு பல் செய்வதாகச் சொன்னார். ஒன்று லென்ஸைக் கழற்றிவிட்டு, பழையபடி மூக்கோடு வைத்து. இன்னொன்று லென்ஸ் போட்டு, பூதக்கண்ணாடி மாட்டி. எது எதென்று யாருக்கும் சொல்லப்போவதில்லை. கீழே டாக்டர் இரண்டையும் தரகரின் வாயில் வைத்துப் பார்க்கட்டும். "மூக்குப் பல்லு ஜெயிச்சா எனக்கு ஆபரேஷன் கிடையாது, இதே கண்ணோட இதே மேசையில உட்கார்ந்திருப்பேன். பூதக்கண்ணாடிப் பல்லும் அதுக்கு ஈடா நின்னுச்சுன்னா, நான் ஆபரேஷன் பண்ணிக்குவேன், மேசையும் எனக்குத்தான். சரியா சார்?"

"சரி" என்றார் முதலாளி.

மூக்குப் பல் ஒரு மத்தியானத்தில் முடிந்தது. மற்றது அவர் உயிரை எடுத்தது. பூதக்கண்ணாடியை மாட்டியதும் தலை சுற்றியது. தூரிகை பல்லுக்கு இடப்பக்கம் போய்க் காற்றில் வரைந்தது. முதல் பல்லைச் சுட்டு எடுத்துப் பார்த்துக் குப்பையில் போட்டார். இரண்டாவதும் அங்கேயே போயிற்று. மூன்றாவதைப் போடும்போது கடைவாயால் சும்மா இருக்க முடியவில்லை.

"அக்கா, தலையை ஆட்டாதீங்க. தலை நிக்கணும், கைதான் வரணும். நீங்க மூக்கைக் கொண்டுபோய் முட்டுறீங்க."

"எனக்குச் சொல்லித் தர்றியா?"

"உங்க நல்லதுக்கா சொல்றேன்? என் கண்ணாடியில பீங்கான் தெறிக்குது."

தலையை நிறுத்தினார். சூளையிலிருந்து வந்த நாலாவது பல் குப்பைக்குப் போகவில்லை, டப்பாவுக்குப் போயிற்று.

மறுநாள் கீழே கிளினிக்கில் தரகர் வாயைத் திறந்துகொண்டு சாய்ந்திருந்தார். சிவப்பு மூடி டப்பாவில் ஒரு பல், பச்சை மூடி டப்பாவில் ஒரு பல். டாக்டர் ஒவ்வொன்றாக வைத்துக் காட்ட, எல்லோரும் வரிசையாகக் குனிந்து பார்த்தார்கள். பெண் பார்க்க வந்த கூட்டம் மாதிரி இருந்தது.

முதலாளிக்குச் சந்தேகமே இல்லை. "சிவப்பு. இதுதான் நம்ம அக்கா மூக்கு. கீற்றைப் பாருங்க, என்ன நைஸ்! இருபத்தொரு வருஷமாப் பார்க்குறேன், எனக்குத் தெரியாதா?"

சிவப்பு, பூதக்கண்ணாடிப் பல்.

டாக்டர் பச்சை என்றார். கொஞ்சம் கழித்து, இல்லை, சிவப்புத்தான் என்றார். அப்புறம் ஜன்னல் திரையை விலக்கிவிட்டு, எதற்கும் பச்சையே இருக்கட்டும் என்றார். கடைவாயைக் கேட்டார்கள். அவர் வெகுநேரம் பார்த்தார். ஜன்னலோர மேசை தனக்கு இல்லை என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது.

"ரெண்டும் நான் பண்ணினதில்ல. அது மட்டும் தெரியுது."

தரகர் வாயிலிருந்த கைகளைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். "எதையாவது ஒண்ணை ஒட்டுங்க சார். பதினொரு மணிக்கு ஒரு வீடு காட்டணும், அது ஒழுகுற வீடு. சிரிச்சே ஆகணும்."

சிவப்பை ஒட்டினார்கள். தரகர் வாயெல்லாம் பல்லாகக் கிளம்பிப் போனார்.

படியேறும்போது அக்காவுக்கு முதலில் வந்தது கோபம்தான். இருபத்தொரு வருஷம் பக்கத்து அறையில் இருந்துகொண்டு, இந்த மனுஷனுக்கு எது என் மூக்கு என்று தெரியவில்லையே! மேல்படியில் வந்து நின்றபோது அது வடிந்துபோயிருந்தது. மூக்குக்கு ஒரு பங்கும் இல்லையென்றால், எல்லாம் கைதான். கை எங்கேயும் போகாது. ஜன்னலுக்கு வெளியே தெருக்கோடி மரம் இலை இலையாக நின்றது. இத்தனை காலம் அடுத்தவர் பல்லை அரைச் சாணில் பார்த்தாயிற்று, இனி கொஞ்சம் எட்டத்தில் இருப்பதையும் பார்ப்போமே என்று தோன்றியது.

ஆபரேஷன் பண்ணிக்கொள்ளப்போவதாக அன்று மாலை வீட்டில் சொன்னார். மகள், "அப்ப வேலை?" என்றாள்.

"வேலைக்கு ஒண்ணும் ஆகாது. நிரூபிச்சாச்சு. வேற எதுக்காவது வேணாம்னா இப்பவே சொல்லுங்க."

கணவர் சுவரைப் பார்த்தார், மகள் தட்டைப் பார்த்தாள். 

லேசருக்காகக் கண்ணைக் கடைசி அளவு எடுப்பதற்கு முன் இரண்டு வாரம் லென்ஸ் போடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அந்த இரண்டு வாரமும் வீடு நிம்மதியாக மூச்சு விட்டது. அக்கா மூட்டத்துக்குள் போய்விட்டார். ஒரு நாள் கூடத்தில் பெயிண்ட் வாசனை அடித்தது, அவர் ஏனென்று கேட்கவில்லை.

அளவெடுத்த அன்று ஆஸ்பத்திரியில் ஒரு பெண் படிவத்தை நீட்டி, "இங்க, இங்க, அப்புறம் கடைசிப் பக்கத்துல" என்று கையெழுத்துப் போட வேண்டிய இடங்களைக் காட்டினாள். அக்கா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். படிவத்தை அரைச் சாணில் பிடித்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். நான்கு பக்கம், பொடி எழுத்து.

"யாரும் அதைப் படிக்க மாட்டாங்கம்மா" என்றாள் அந்தப் பெண் மெதுவாக.

"என் கண்ணுக்கு நான்தானே படிக்கணும்? கண் வறண்டுபோகலாம்னு போட்டிருக்கு. எத்தனை நாளைக்கு?"

பெண் உள்ளே போய் டாக்டரம்மாவை அழைத்துவந்தாள். சொட்டு மருந்து சில மாதம் போட வேண்டியிருக்கும் என்றார் அவர். ராத்திரியில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம், பெரும்பாலும் குறைந்துவிடும், சிலருக்குக் கொஞ்சம் நிற்கும். பவர் பாக்கி நிற்கவும் கூடும். கணவருக்கு வியர்த்தது. "அப்ப வேணாம்னு சொல்றீங்களா டாக்டர்?" என்று ஆவலோடு கேட்டார்.

"நான் எதுவும் சொல்லல. அவங்க கேட்குறாங்க, பதில் சொல்றேன்."

"பண்ணிக்கிட்டு வருத்தப்பட்டவங்க உண்டா?" என்றார் அக்கா.

"உண்டு. குறைச்சல்தான், ஆனா உண்டு. கண்ணாடியே இனி கிடையாதுன்னு நினைச்சுக்கிட்டு வந்தவங்கதான் அதிகம் வருத்தப்படுவாங்க."

"நான் அப்படி நினைக்கல. எனக்குப் பூதக்கண்ணாடி ஆர்டர் பண்ணியாச்சு. என் தலைக்கு அளவெடுத்து."

நாலாம் பக்கம்வரை படித்து முடித்து, காட்டிய மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டார். பெண் நாட்காட்டியைப் புரட்டி, வியாழக்கிழமை காலை ஒரு நேரம் காலியாக இருக்கிறது என்றாள்.

"வியாழன் வேணாம்மா" என்றார் அக்கா. "அன்னைக்கு எட்டு முன்பல் குடுக்கணும். வெள்ளிக்கிழமை போடு."